ஆறு வருடக் கார்பன் சைக்கிளும் அறுத்தெடுத்த சீட் போஸ்ட்டும்

பழைய கார்பன் சைக்கிள் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என் சைக்கிளின் சீட் போஸ்ட்டை, அதாவது இருக்கையைத் தாங்கும் குழாயை, அறுத்து எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

ஓட்டத்தில் குறை சொல்லவே மாட்டேன். ஆறு வருடமாக விடியற்காலையில் ஈ.சி.ஆரில் கோவளம் வரை போய் வருகிறேன். மோசமான சாலையிலும் கை மரத்ததில்லை.

கோபமெல்லாம் ஒரே இடத்தில்தான். ஃப்ரேம் கார்பன், அதற்குள் இறங்கும் போஸ்ட் அலுமினியம். கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும். இரண்டும் உரசி நிற்கிற இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அது பேட்டரிதான். கார்பனுக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம்தான் கரையும். கரைந்தது வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அதற்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். குழாய்க்குள் இடம் ஏது? இறுகிவிட்டது. கடற்காற்றும், பின்சக்கரம் வாரியடிக்கும் மழைத்தண்ணீரும் போதாதா?

கடையில் ஹீட் கன்னை எடுத்தார்கள். நான்தான் தடுத்தேன். சூட்டில் அலுமினியம் விரியும், கார்பன் கிட்டத்தட்ட விரியாது. பிடி இன்னும் இறுகும், கார்பன் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ரெசினும் கெடும். அப்புறம் ஐஸ் வைத்துச் சுருக்கப் பார்த்தோம், எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க விட்டோம். அசையவில்லை. கடைசியில் மெக்கானிக் மேல்பாகத்தை அறுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் கீறி, துண்டு துண்டாகப் பிடுங்கினார். நான்கு மணி நேரம். பிளேடு ஃப்ரேமைத் தொட்டுவிடுமோ என்று பக்கத்திலேயே நின்றேன்.

யாருக்கும் தெரியாத விஷயமா இது? போயிங் 787 விமானத்தில் கார்பனைத் தொடுகிற பல இடங்களில் அலுமினியத்துக்குப் பதில் டைட்டானியம் போட்டிருக்கிறார்கள். நடுவே ஒரு அடுக்கு கண்ணாடி இழை இருந்தாலே மின்சாரம் கடக்காது. என் ஃப்ரேமில் அது இல்லை, கையேட்டில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. நானும் ஆறு வருடத்தில் ஒருமுறைகூடப் போஸ்ட்டைக் கழற்றித் துடைத்து, கார்பன் பாகங்களுக்கென்றே விற்கும் கார்பன் பேஸ்ட் என்ற களிம்பைத் தடவவில்லை, அது என் தவறு. ஆனாலும் இவ்வளவு விலை வாங்கியவர்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நண்பரிடம் சொன்னேன்: முதலில் போஸ்ட்டைத் தளர்த்தித் திருப்பிப் பாருங்கள். பாட்டில் மாட்டும் திருகுகளைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா பாருங்கள், அங்கேயும் பெரும்பாலும் அலுமினிய நட்தான் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தாலும், கடலோரத்தில் இருக்கிற உங்களுக்கு வேண்டாம்.

"அப்போ உங்களுடையதை விற்கப்போகிறீர்களா?" என்றார்.

மாட்டேன். நேற்றே கார்பன் போஸ்ட் வாங்கிப் போட்டுவிட்டேன். இன்று காலை கோவளம் போய் வந்தேன்.