எட்டு டிராக் ரெக்கார்டர்: 14 மாதம் பயன்படுத்திய பிறகு

கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டிருந்த காலத்தில் என்னிடம் அரைகுறைப் பாட்டுகள் இருபதுக்கு மேல் கிடந்தன. தனி ரெக்கார்டர் வாங்கி 14 மாதம் ஆகிறது. இதுவரை ஆறு பாட்டுகளை முழுதாக முடித்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதவே தோன்றியது.

என்னிடம் இருப்பது ஒரு நோட்டுப் புத்தக அளவில் உள்ள எட்டு டிராக் கருவி. கிட்டார், குரல் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதியும் தடம்தான் டிராக். ஒரே நேரத்தில் இரண்டு டிராக்கில்தான் பதிய முடியும். எஸ்டி கார்டில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது சிடி தரத்தில் பதிகிறது. ஒரு டிராக்குக்கு நிமிடத்துக்கு ஐந்து எம்பி சொச்சம் என்பதால் கார்டு நிரம்பிவிடுமோ என்ற கவலையே கிடையாது. கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் பேன்டம் பவரும் (மைக் கம்பி வழியே போகும் மின்சாரம்) இதிலேயே வருகிறது. 1979இல் டாஸ்காம் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற ரெக்கார்டர் இந்த வகைக்கு முன்னோடி. அது சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதியும். அதோடு ஒப்பிட்டால் எட்டு என்பது தாராளம்.

நான் முதலில் தாளம் தட்டிக்கொடுக்கும் மெட்ரோனோமோடு கிட்டாரைப் பதிந்துகொண்டு, அடுத்த டிராக்கில் ஒப்புக்கு ஒரு குரல் போடுவேன். மற்றதெல்லாம் அதன்மேல்தான். சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன். மீட்டர் மேலே முட்டி ஒலி உடைந்துவிட்டால் டிஜிட்டலில் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது, திரும்பப் பாடத்தான் வேண்டும்.

குரல் பதிவுதான் என் பொறுமையைச் சோதித்தது. ஒரு பாட்டின் பல்லவியில் முதல் வரியிலேயே மூன்று ‘ப’. ஒவ்வொரு ‘ப’வுக்கும் மூச்சுக் காற்று மைக்கில் மோதி ‘டப்’ என்று அடித்தது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், ஒரு சாண் தள்ளி, கன்னத்துப் பக்கமிருந்து உதட்டைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தேன். ‘டப்’ போய்விட்டது, குரலின் கனம் குறையவில்லை. அப்புறம் ஹெட்போனிலிருந்து மெட்ரோனோம் சத்தம் கசிந்து மைக்கில் ஏறியது. காதை முழுக்க மூடும் ஹெட்போனுக்கு மாறியதும் அதுவும் நின்றது.

எட்டு டிராக்கும் நிறையப் போகிறது என்றால் பவுன்ஸ் செய்யலாம். நான்கு டிராக்கை மீதமிருக்கும் இரண்டில் கலந்து இறக்கிவிட்டு, பழைய நான்கையும் திரும்பப் பயன்படுத்தலாம். இதில் நான் நன்றாகப் பட்டிருக்கிறேன். இரண்டு கிட்டாரையும் இரண்டு கோரஸையும் சேர்த்து இறக்கிவிட்டு, பழையவற்றின் மேலேயே புதிதாகப் பதிந்துவிட்டேன். மறுநாள் கேட்டால் கோரஸ் கிட்டாருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. பிரித்தெடுக்க முடியவில்லை, நான்கையும் மறுபடி பதிந்தேன். இப்போதெல்லாம் பாட்டை நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் பவுன்ஸ் பக்கமே போகிறேன்.

பதிந்த டிராக்குகளைக் கலந்து ஒரே பாட்டாக்கும் மிக்சிங்கில்தான் இந்தக் கருவி என் மனதில் இடம் பிடித்தது. திரையில் அலைவடிவம் எதுவும் தெரியாது, காதை மட்டும் நம்பியாக வேண்டும். ஒலியளவு மாற்றங்களை முன்கூட்டியே பதிந்து வைக்கும் வசதியும் இல்லை. பாட்டு ஓடும்போதே கையால் மாற்ற வேண்டும். சரணம் தொடங்கும்போது கிட்டாரை மயிரிழை இறக்கணும், கடைசிப் பல்லவியில் இரண்டாவது குரலை மெல்ல ஏற்றணும். எங்கே தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. நான்கைந்து முறை ஓட்டியதும் விரல்களுக்கே பாட்டு மனப்பாடமாகிவிடுகிறது. அப்படி வரும் மிக்ஸில் ஒரு உயிர் இருக்கிறது; மவுசால் கோடு இழுத்துச் செய்தபோது எனக்கு அது வாய்த்ததே இல்லை. ஆறாவது பாட்டுக்கு ஒன்பது முறை ஓட்டினேன். கிட்டாரின் பேஸ் ஒலியைக் கொஞ்சம் குறைத்து அதை இடப்பக்கம் தள்ளியதும், அதுவரை மங்கிக் கேட்ட குரல் பளிச்சென்று முன்னால் வந்து நின்றது. அந்த நிமிடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. திரை சின்னது, மெனுவுக்குள் மெனுவாகப் போய்த்தான் எதையும் தேட வேண்டும். கருவியிலேயே இருக்கும் மைக், பொத்தானை அழுத்தும் சத்தத்தையும் சேர்த்துப் பதிகிறது. மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்கை வைத்து மெதுவாகப் பாடினால் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) நிறைய ஏற்ற வேண்டியிருக்கிறது, கூடவே லேசான இரைச்சலும் வருகிறது. டிரம்ஸ் செட்டுக்கு நாலைந்து மைக் வைத்து ஒரே நேரத்தில் பதிய நினைப்பவர்களுக்கு இரண்டு உள்ளீடு போதவே போதாது. அவர்கள் இதை வாங்க வேண்டாம். தனியாக உட்கார்ந்து, சொந்தப் பாட்டை ஒவ்வொரு அடுக்காகக் கட்டுபவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

ஏழாவது பாட்டுக்கு நேற்று இரவு கிட்டாரும் ஒப்புக் குரலும் போட்டாயிற்று. இன்னும் ஆறு டிராக் மீதி இருக்கிறது.