ஒரே ட்ராக், பல எஃபெக்ட்: ஃப்யூஷனில் என் அனுபவம்

டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளுக்குள், எஃபெக்ட் செய்வதற்கான ஃப்யூஷன் பக்கம் வந்தது 2018-இல், 15-ஆம் பதிப்பில். சில வருடங்களாக என் எடிட்டிங் வேலையில் பெரும்பகுதி அதில்தான் நடக்கிறது. எனக்கு அதிக நேரம் மிச்சமானது எதனால் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஒருமுறை எடுத்த ட்ராக்கை, அதாவது காட்சியில் ஒரு புள்ளி ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எப்படி நகர்கிறது என்ற பதிவை, எத்தனை எஃபெக்டுக்கு வேண்டுமானாலும் இணைக்க முடிவதால்தான்.

ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்வோம். கார் நிற்கிறது, கேமரா கையில் லேசாக ஆடியபடி முன்னால் நகர்கிறது. நம்பர் பிளேட்டை மங்கலாக்க வேண்டும், பானெட்டுக்கு மேலே விலை தெரிய வேண்டும், ஹெட்லைட்டில் கொஞ்சம் ஒளிர்வு வேண்டும். மூன்றுக்கும் தனித்தனியாக ட்ராக் போட்டால் மூன்றும் மூன்று விதமாக நடுங்கும், பார்ப்பவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். ஒரே ட்ராக்கர் நோடிலிருந்து (ஃப்யூஷனில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள கட்டம்தான் நோடு) மூன்றையும் ஓட்டினால், ட்ராக்கில் சிறு பிசிறு இருந்தாலும் எல்லாம் சேர்ந்தே நகரும், உறுத்தாது.

நான் செய்வது இதுதான். பிளேட்டின் ஒரு மூலையில் ட்ராக்கர் பெட்டியை வைத்து முன்னோக்கி ஓடவிடுவேன். அப்புறம் எந்த நோடிலும் அமைப்புகளை மாற்றும் இன்ஸ்பெக்டர் பலகத்தில் சென்டர் என்ற இடத்தில் ரைட் கிளிக் செய்து, கனெக்ட் டு வழியாக ட்ராக்கரைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே வரும் பட்டியலில் இரண்டைப் பிரித்தறிந்தால் போதும். ஆஃப்செட் பொசிஷன் கொடுத்தால் அந்தப் பொருள் ட்ராக் செய்த புள்ளிக்கே போய் உட்காரும். மங்கலாக்கும் மாஸ்க்குக்கு, அதாவது எஃபெக்ட் எங்கே விழ வேண்டும் என்று வரையும் வடிவத்துக்கு, இது சரி. அன்ஸ்டெடி பொசிஷன் அசைவை மட்டும் தரும். விலை எழுத்துக்குப் பின்னால் ஒரு ட்ரான்ஸ்ஃபார்ம் நோடு போட்டு அதன் சென்டரில் இதை இணைத்துவிட்டால், எழுத்தை எங்கே வைத்தோமோ அங்கிருந்தே காரோடு நகரும். வாடிக்கையாளர் “இன்னும் கொஞ்சம் மேலே” என்று பத்து முறை கேட்டாலும் ட்ராக்கைத் தொடவே வேண்டாம்.

இது இணைப்பு, நகல் இல்லை என்பதுதான் பெரிய விஷயம். கேடென்லைவிலும் மோஷன் ட்ராக்கரின் கீஃப்ரேம்களை (எந்த ஃப்ரேமில் எந்த இடம் என்ற குறிப்புகளை) காப்பி செய்து வேறொரு எஃபெக்டில் இறக்கலாம், இலவச மென்பொருளில் அது நல்ல வசதி. ஆனால் மூல ட்ராக்கைத் திருத்தினால் ஒவ்வொரு இடத்திலும் மறுபடி ஒட்ட வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ட்ராக்கை நல் ஆப்ஜெக்ட் (null object) என்ற கண்ணுக்குத் தெரியாத லேயருக்குக் கொடுத்து, மற்ற லேயர்களை அதோடு சேர்ந்து நகரும்படி பேரன்ட் செய்வார்கள், நோக்கம் இதேதான்.

இன்னொரு வசதி, ஃப்யூஷன் இடத்தைப் பிக்சலில் குறிப்பதில்லை. இடது கீழ் மூலை 0, 0, நடு 0.5, 0.5. அதனால் எச்டியில் எடுத்த ட்ராக் அதே ஷாட்டின் 4கே பதிப்பிலும் பொருந்தும். செங்குத்து ரீல்ஸுக்கு வெட்டும்போது மட்டும் கவனம் வேண்டும்: எஃபெக்ட் எல்லாம் முடிந்த பிறகே கிராப் வர வேண்டும், முன்னால் வந்தால் கணக்கு மாறிவிடும்.

எல்லா எஃபெக்டும் ஒரே அளவு துல்லியம் கேட்பதில்லை. மாஸ்க்கின் ஓரத்தைக் கொஞ்சம் மென்மையாக்கினால் சின்ன நடுக்கம் தெரியாது. எழுத்தில் அரை பிக்சல் நடுங்கினாலும் தெரியும். ஆகவே இணைக்கப்போகும் எஃபெக்டுகளில் மிகக் கண்டிப்பானது எதுவோ அதற்காகவே ட்ராக் செய்ய வேண்டும். மற்றவை அதில் தானாக அடங்கும். கார் திரும்புகிற ஷாட் என்றால் ஒற்றைப் புள்ளி போதாது. தட்டையான பரப்பை முழுதாகப் பின்தொடரும் பிளேனர் ட்ராக்கரில் பிளேட்டைச் சுற்றிக் கோடு போட்டு ட்ராக் செய்து, கிரியேட் பிளேனர் ட்ரான்ஸ்ஃபார்ம் பொத்தானை அழுத்தினால் தனி நோடு ஒன்று கிடைக்கும். அதை மாஸ்க்குக்குப் பின்னாலும் வைக்கலாம், எழுத்துக்குப் பின்னாலும் வைக்கலாம்.

ரிசால்வில் நிறம் திருத்தும் கலர் பக்கத்தின் விண்டோ ட்ராக்கர் தனி உலகம்; விண்டோ என்பது நிறம் மாற வேண்டிய பகுதியைக் குறிக்கும் வடிவம். அதற்குள்ளேயே காப்பி ட்ராக் டேட்டா, பேஸ்ட் ட்ராக் டேட்டா உண்டு. ஒரு விண்டோவின் ட்ராக்கை இன்னொன்றுக்குக் கொடுக்கலாம். ஃப்யூஷனில் ட்ராக் செய்த மாஸ்க்கே கலரிலும் வேண்டும் என்றால் ஃப்யூஷனிலிருந்து படத்தை வெளியே அனுப்பும் மீடியா அவுட் நோடு இரண்டாவதாக ஒன்று சேர்த்து மாஸ்க்கை அதில் இணையுங்கள். கலர் பக்கத்தில் ஆட் சோர்ஸ் கொடுத்தால் அது மேட்டாக, அதாவது பகுதியைப் பிரித்துக் காட்டும் கருப்பு-வெள்ளைப் படமாக, வந்து நிற்கும். காரின் நிறத்தை மட்டும் தூக்கிக் காட்ட நான் அடிக்கடி போகும் வழி இது.