‘ராத்திரி ஏறிடும்’: கும்பகோணத்தில் இருபது நாள்

சிங்கப்பூரில் பதினான்கு வருடமாக டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் சேரும் பதிவுகளை இரவு ஒரு மணிக்கு மொத்தமாக எடுத்து, சரிபார்த்து, கணக்கில் ஏற்றும் ‘நைட் பேட்ச்’ என் பொறுப்பு. இரண்டு வருடமாக அதை ரியல் டைமுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஒரு பதிவு வந்தால் அது மற்றவற்றுக்காகக் காத்திருக்காமல் அப்போதே போய்ச் சேர வேண்டும். இந்த நினைப்போடுதான் 2025 நவம்பரில் கும்பகோணம் வந்தேன். அம்மாவின் பேங்க் வேலைகளை முடித்துக் கொடுப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

முதல் வேலை ஒரு செக். எங்கள் வயலைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் கொடுத்தது, 60,000 ரூபாய். அவருடையது வேறு பேங்க். காலை பத்தரைக்குக் கவுன்ட்டரில் கொடுத்தபோது, “சாயங்காலத்துக்குள்ள வந்துடும் சார்” என்றார் அங்கிருந்த பெண். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் கல்லூரியில் படித்த காலத்தில் வெளியூர் செக் போட்டால் அப்பா இரண்டு மூன்று வாரம் பாஸ்புக்கோடு நடப்பார். ஆனால் அன்று மாலை நாலே முக்காலுக்குப் பணம் ஏறிவிட்டது.

2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி இதை மாற்றியிருக்கிறது. அதற்கு முன், எங்கள் நைட் பேட்ச் போலவே, செக்குகளைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்துத்தான் க்ளியரிங்குக்கு அனுப்புவார்கள். பணம் வர இரண்டு வேலை நாள்கூட ஆகும். அந்த நவம்பரில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை, வந்த செக்கை வந்தபடியே ஸ்கேன் செய்து படமாக அனுப்பினார்கள். பணம் கொடுக்க வேண்டிய வங்கி மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சரி என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பதில் வராத பதிவை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் ரியல் டைம் நடத்தவே முடியாது. எங்கள் அலுவலகத்தில் அதற்கே ஆறு மாதம் போனது.

ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட்டின் கதை வேறு. 2019 டிசம்பர் 16 முதல் இருபத்து நான்கு மணி நேரமும், விடுமுறை நாளிலும் நடக்கிறது. ஆனாலும் அது இன்றும் தொகுதிதான், அரைமணிக்கு ஒன்றாக நாளுக்கு 48. ஞாயிற்றுக்கிழமை இரவு கொத்தனாருக்குப் பணம் அனுப்பினேன், அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தொகுதி போதுமான அளவு சிறியதாக இருந்தால் சனங்களுக்கு அதுவே உடனடி.

அப்புறம் வந்தது அம்மாவின் மொபைல் நம்பர். கணக்கில் இருந்தது அப்பாவின் பழைய நம்பர். அவர் போன பிறகு அது நின்றுபோய்விட்டது. திங்கட்கிழமை படிவம் கொடுத்தோம். “ராத்திரி ஏறிடும், நாளைக்குப் பாருங்கம்மா” என்றார்கள். செவ்வாய்க்கிழமை ஏறவில்லை. போய்க் கேட்டால், இரவு ஓட்டத்தில் திரும்பி வந்துவிட்டதாம். ஆதாரில் அம்மாவின் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பாஸ்புக்கில் முன்னால். திருத்திக் கொடுத்தோம், மறுபடியும் ஒரு ராத்திரி. புதன்கிழமை வேறொரு கட்டம் நிரப்பாமல் விட்டதாகத் தெரிந்தது. வியாழக்கிழமை காலைதான் ஏறியது.

எழுபத்திரண்டு வயதில் அம்மா நான்கு நாள் படியேறினார். இதில் அந்தக் கிளை ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பொறுமையாகத்தான் பேசினார்கள். தவறு இருக்கும் இடம் வேறு. தொகுதி முறையில் வேலை மெதுவாக நடப்பது சின்ன நஷ்டம்தான். பிழை மெதுவாகத் தெரிவதுதான் பெரிய நஷ்டம். இனிஷியல் பொருந்தவில்லை என்பதைக் கவுன்ட்டரில் தட்டும்போதே திரை சொல்லியிருந்தால் அம்மா அங்கேயே உட்கார்ந்து திருத்திக் கொடுத்திருப்பார். அதற்குப் பதில் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு இரவு. கணக்கில் ஏற்றுவதை இரவுக்கு வைத்துக்கொள்ளட்டும், சரிபார்ப்பையாவது பகலுக்குக் கொண்டு வரலாம். இதை நான் சிங்கப்பூர் திரும்பியதும் எங்கள் குழுவிலும் சொல்லப்போகிறேன். எங்களிடமும் இதே குறை இருக்கிறது, அதன் மறுமுனையில் யார் படியேறுகிறார்கள் என்று நான் பார்த்ததில்லை.

நம்பர் ஏறியதும் அம்மாவுக்கு யூபிஐ போட்டுக் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்கை சிங்கப்பூர் நம்பரோடு இணைத்துக்கொள்ள 2023-லிருந்தே வழி உண்டு. வெள்ளிக்கிழமை காலை தாராசுரம் மார்க்கெட்டில் அம்மா முதன்முதலாக ஸ்கேன் செய்தார். காய் விற்கும் அக்கா போனையே பார்க்கவில்லை. கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, தராசுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி பணம் வந்துவிட்டது என்று சொல்வதற்காகக் காதைக் கொடுத்திருந்தார். பெட்டி பேசவில்லை. அம்மாவின் போனில் 240 ரூபாய் கழிந்துவிட்டது, கீழே ‘நிலுவையில்’ என்று மஞ்சள் எழுத்து. அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. சுருக்குப்பையைத் திறந்து ரொக்கமாகக் கொடுத்துவிட்டு நடந்தார்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. முதலில் அம்மாவின் வங்கி கழிக்கிறது, பிறகு அந்த அக்காவின் வங்கிக்கு ‘ஏற்று’ என்று செய்தி போகிறது. அந்தச் செய்திக்குப் பதில் திரும்பவில்லை. இப்படி நடுவில் தொங்கும் பதிவுகளைத் தீர்ப்பது மறுபடியும் பழைய தொகுதி முறைதான். யூபிஐயில் பணம் நொடியில் ஏறினாலும் வங்கிக்கும் வங்கிக்கும் இடையிலான கணக்குத் தீர்ப்பு நாளுக்குப் பல தடவையாக, மொத்தமாகவே நடக்கிறது. இரண்டு பக்கப் பட்டியலையும் ஒப்பிட்டு, விட்டுப்போனதைப் பிடிப்பது அதன் பின்னால் நடக்கும் வேலை. கடையில் செலுத்தியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதித்திருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். “போனா போகட்டும் விடுடா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது மஞ்சள் எழுத்து பச்சையாகியிருந்தது. பணம் திரும்பவில்லை, கடைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆக இரண்டு தடவை கொடுத்தாயிற்று. கேட்கவா வேண்டாமா என்று அம்மாவுக்குக் கூச்சம்.

திங்கட்கிழமை மார்க்கெட்டுக்குள் நுழையும்போதே அந்த அக்கா எழுந்து கையைக் காட்டினார். தக்காளிப் பெட்டியின் அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் ‘240 கண்ணாடி அம்மா’ என்று எழுதி வைத்திருந்தார். ராத்திரி அவர் மகன் போனில் கணக்குப் பார்க்கும்போது, பெட்டி சொல்லாத ஒரு வரவு இருந்ததாம். இரண்டு நூறும் இரண்டு இருபதுமாக அம்மாவின் கையில் வைத்துவிட்டு, அட்டையில் அந்த வரியைக் குறுக்கே அடித்தார்.