பால் கவரின் முனை

பன்னிரண்டு ஆண்டுகளாக ஜெர்மனியில் குடியிருக்கிறேன். வீட்டில் சேரும் உறைகளைத் தரம் பிரிப்பது அங்கே கைப்பழக்கமாகிவிட்டதால், இந்த முறை மதுரைக்கு அருகில் உள்ள எங்கள் ஊருக்கு வந்தபோது, மூன்று வாரமும் அம்மா வீட்டுக் குப்பையைப் பிரிக்கும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை விசில் சத்தம் கேட்டதும் மக்கும் குப்பையைப் பச்சை வாளியிலும் மக்காததை நீல வாளியிலும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பேட்டரி வண்டியோடு வந்த தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நீல வாளியை வாங்கியவர் அப்படியே கொட்டிவிடாமல், உள்ளே கைவிட்டு ஒரு பால் கவரை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு வாளியின் அடியில் ஒட்டிக்கிடந்த, சுண்டுவிரல் நகம் அளவேயான முக்கோணத் துண்டு ஒன்றைப் பிய்த்தெடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"தம்பி, முனையை இப்படித் துண்டா வெட்டிப் போடாதீங்க. கவரோட ஒட்டிக்கிட்டு இருக்கட்டும். தனியா விழுந்துச்சுன்னா இதை யாரு பொறுக்குறது? சாக்கடைக்குத்தான் போகும். அப்புறம், கவரைக் கொஞ்சம் அலசிப் போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். வெயில்ல நாத்தம் தாங்கல."

நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர்மாறானது. தயிர்க் கோப்பையின் அலுமினிய மூடியை முழுவதுமாக உரித்துத் தனியாகப் போட வேண்டும். சேர்ந்திருந்தால் அங்கே தரம் பிரிக்கும் இயந்திரம் தடுமாறும். கோப்பையைக் கழுவ வேண்டிய கட்டாயம் இல்லை, கரண்டியால் வழித்துவிட்டால் போதும். ஏனென்றால், உறைகளைச் சேர்க்கும் மஞ்சள் நிறப் பை வீட்டைவிட்டுப் போனபின் அதைப் பெரும்பாலும் பெல்ட்டும் ஒளிக்கதிர்ச் சென்சாரும்தான் பார்த்துக்கொள்கின்றன. எங்கள் ஊரிலோ அந்தச் சென்சாரின் வேலையை ஒரு பெண்ணின் இரண்டு கைகள் செய்கின்றன. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து, அலசாத கவரை அந்தக் கைகளில் கொடுத்திருக்கிறேன் என்பது உறுத்தியது.

இதில் பெரிய வருத்தம், நம் வீடுகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை என்பதே. பால் காய்ச்சியதும் கவரை அலசி, அடுப்படிச் சுவரின் டைல்ஸில் ஒட்டிக் காயவைத்து, நூறு சேர்ந்ததும் கட்டாகக் கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு, அந்தக் காசில் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தந்தவர் என்னைப் பெற்ற இதே அம்மாதான். "இப்ப யாருப்பா அதை வாங்குறா, பேப்பர் கடையே மூடியாச்சு" என்றார்.

மறுநாளிலிருந்து கத்தரிக்கோலால் முனையில் பாதிக் கீறல் மட்டும் போட்டேன். டைல்ஸில் கவர்கள் மறுபடியும் ஏறின. அந்த அம்மா தினமும் இரண்டு நிமிடம் நின்று சொல்லிக்கொடுத்தார். பால் கவர் தனி. அது ஒரே வகை பிளாஸ்டிக் என்பதால் உருக்கி மறுபடி குருணையாக்கலாம், விலை போகும். சிப்ஸ், பிஸ்கட்டின் பளபளக்கும் உறை வேறு. பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அதை எந்த வியாபாரியும் வாங்குவதில்லை. அப்படிப்பட்டவை சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகத்தான் போகின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்புக்கு வந்த பிளாஸ்டிக் தடையில் பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு உண்டு என்பதால் பால் கவர் நம் அடுப்படியைவிட்டுப் போகப்போவதில்லை. எனவே அதன் முனையைப் பற்றி இவ்வளவு பேசுவது வீணல்ல. தினம் இரண்டு கவர் வெட்டும் ஒரு வீட்டிலிருந்து ஆண்டுக்கு எழுநூற்று முப்பது துண்டுகள் போகின்றன. ஜெர்மனியில் காலிப் பிளாஸ்டிக் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கிறது. அதனால் அது தெருவில் கிடப்பது அரிது. இந்தத் துண்டுக்கு எந்த நாட்டிலும் விலை கிடையாது.

கடைசி வாரத்தில்தான் மனம் விட்டுப்போனது. பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் எங்கள் தெரு வண்டி நின்றிருந்தது. அந்த அம்மா தனித்தனியாகக் கட்டி வைத்திருந்த சாக்குகளில் பால் கவர் சாக்கை மட்டும் இறக்கிக்கொண்டார். மீதியை, பச்சையும் நீலமுமாக, ஒரே லாரியில் கவிழ்த்தார்கள். உள்ளே தடுப்பே இல்லை. காலையில் வாசலில் நின்று பிரித்ததெல்லாம் பத்து மணிக்குள் சாம்பார்ச் சாதத்தோடு கலந்துபோனது. கேட்டதற்கு, "ரெண்டாவது லாரி ஒர்க்‌ஷாப்புல நிக்குது, வர்ற வரைக்கும் இப்படித்தான் சார்" என்றார் ஓட்டுநர். எத்தனை மாதமாக நிற்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் பிரிக்கச் சொல்லிவிட்டு ஏற்றும்போது கலப்பது, பிரிக்கும் பழக்கத்தையே கொன்றுவிடும். ஒருமுறை இதைக் கண்ட வீட்டார் மறுபடி இரண்டு வாளி வைக்கமாட்டார்கள்.

விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள், லாரியின் நடுவில் ஒரு தடுப்புத் தகடாவது பொருத்தித் தரும்படி மனு எழுதிக் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டை அம்மா பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். போனில் பேசும்போதெல்லாம் தகடு வந்துவிட்டதா என்று கேட்கிறேன். இன்னும் வரவில்லையாம். கவர்கள் மட்டும் டைல்ஸில் காய்கின்றன, முனையோடு.