வகுப்புகளை ஒலிப்பதிவு செய்ய ரெக்கார்டரா, காலர் மைக்கா?

எங்கள் ஊர் நூலக அரங்கில் வாராவாரம் நடக்கும் இலக்கண வகுப்பை, வர முடியாதவர்களுக்காகச் சில வருடங்களாகப் பதிவு செய்து அனுப்பி வருகிறேன். எந்த ரெக்கார்டர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மைக்கை ஆசிரியரின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வழி பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

என்னிடம் இருப்பது ஜூம் எச்1என் என்ற கையடக்க ரெக்கார்டர். இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரியில் ஓடும், 32 ஜிபி மெமரி கார்டு வரை ஏற்கும். நல்ல கருவி. ஆனால் எந்த ரெக்கார்டரையும் முன்வரிசை மேசையில் வைத்துப் பதிந்தால், மின்விசிறி இரைச்சலும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் குரலோடு போட்டி போடும். தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. அரங்கின் எதிரொலி அப்படிக் குறைவதில்லை. லகர ளகர ழகரத்தை விளக்கும் பாடத்தில் மூன்றும் ஒன்றுபோலக் கேட்டால் அந்தப் பதிவு யாருக்கு உதவும்?

அதனால் ரெக்கார்டரில் போயா பிஒய்-எம்1 என்ற, சட்டையில் குத்தும் சின்னக் காலர் மைக்கைச் செருகிப் பதிகிறேன். 6 மீட்டர் ஒயர், ஆசிரியர் கரும்பலகைக்குப் போய்வரத் தாராளம். ரெக்கார்டரில் செருகும்போது அதன் ஸ்விட்சை கேமரா பக்கம் தள்ள வேண்டும். அப்போது எல்ஆர்44 பட்டன் பேட்டரி தேவைப்படும், ஒன்று உபரியாகப் பையில் இருக்கட்டும். மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டைப் பொத்தான் பட்டையில் குத்துங்கள். தோளில் துண்டு போடுபவர் என்றால் அது உரசாத பக்கமாகப் பாருங்கள். அந்தச் சரசரப்பைப் பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. கிளிப்புக்குக் கீழே ஒயரை ஒரு சுற்றுச் சுற்றி விட்டால், இழுபடும்போது மைக் அதிராது.

காலர் மைக்கில் மாணவர்களின் கேள்வி சன்னமாகத்தான் விழும். எங்கள் ஐயா கேள்வியைத் தாமே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறார். கேட்பவர்களுக்கு அது பெரிய உதவி.

மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து (மைக்குகளின் ஒலியைச் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) நேராக எடுக்கலாமே என்பார்கள். அதிலிருந்து வரும் லைன் சிக்னல் மைக் சிக்னலைவிடப் பலமானது; மைக் துளைக்கு அது அதிகமாகிக் குரல் உடைந்துவிடலாம். சிக்னலைக் குறைக்கும் கேபிள் தனியாக வேண்டியிருக்கும்.

ஒலியைச் சுருக்காமல் பதியும் வேவ் கோப்பு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 630 எம்பி பிடிக்கும். அசலை வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் அனுப்ப 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஆக்கினால் ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கிவிடும். பேச்சுக்கு அது போதும்.

2024-இல் வந்த ஜூம் எச்1எசென்ஷியலில் மெல்லிய குரல், உரத்த குரல் இரண்டையும் உடையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் முறை இருப்பதால் ஒலி அளவைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். புதிதாக ரெக்கார்டர் வாங்குபவர்கள் அதைப் பார்க்கலாம். ஆனால் விசிறி இரைச்சலை அதுவும் குறைக்காது. 3.5 எம்எம் துளை உள்ள பழைய போன் வீட்டில் இருந்தால், முதலில் காலர் மைக்கை மட்டும் வாங்கி, போனை ஃப்ளைட் மோடில் போட்டு, எல்லா விசிறியும் ஓடும்போதே ஒரு வகுப்பைப் பதிந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.