லாப்பிஸ், பெபிங்கா, டோபோஷ், மெதோவிக்: வீட்டில் எந்த அடுக்கு கேக்கைத் தொடலாம்?

போன வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தி ஒரு டப்பாவில் லாப்பிஸ் கேக் கொண்டுவந்திருந்தார். விரல் அகலத்துக்கு ஒரு துண்டு. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் பழுப்பும் மஞ்சளுமாக மாறி மாறிக் கோடுகள். எண்ணினேன், பதினெட்டு. "இதை வீட்டில் செய்ய முடியுமா சித்தி?" என்று கேட்டதற்கு, "செய்யலாம்மா, ஆனா அன்னிக்கு வேற ஒரு வேலையும் வச்சுக்காத" என்றார்.

அந்தத் துண்டுதான் என்னை இழுத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு அடுக்கு கேக்குகளைச் செய்து பார்த்தேன்: இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் பக்கத்து லாப்பிஸ், கோவாவின் பெபிங்கா, ஹங்கேரியின் டோபோஷ், ரஷ்யாவின் மெதோவிக். கையில் இருந்தது 28 லிட்டர் ஓடிஜி (கேக் சுடும் சின்ன மின்சார அடுப்பு), ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு ஹேண்ட் பீட்டர். சென்னையில் சாதாரணமாக கேக் செய்யும் வீட்டில் இருப்பதற்கு மேல் எதுவும் இல்லை.

செய்து முடித்த பிறகு ஒன்று புரிந்தது. எத்தனை அடுக்கு என்பதை வைத்து ஒரு கேக் கஷ்டமா சுலபமா என்று சொல்லவே முடியாது. நடுவில் ஓர் அடுக்கு கெட்டால் அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்று வைக்க முடியுமா? அதைத்தான் பார்க்க வேண்டும். லாப்பிஸிலும் பெபிங்காவிலும் முடியாது. வெந்த அடுக்கின் மேலேயே அடுத்த மாவை ஊற்றி, ஒரே தட்டில் கேக்கை வளர்க்கிறோம். டோபோஷிலும் மெதோவிக்கிலும் ஒவ்வொரு அடுக்கையும் தனியாகச் சுட்டு, பிறகு கிரீம் தடவி அடுக்குகிறோம். ஒன்று உடைந்தால் நடுவில் ஒளித்து வைக்கலாம், கருகினால் இன்னொன்று சுடலாம்.

முதலில் லாப்பிஸ். டச்சுக்காரர்கள் இந்தோனேசியாவை ஆண்ட காலத்தில் பிறந்தது. ஐரோப்பிய கேக் முறையோடு அந்தத் தீவுகளின் கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, பட்டை, ஏலக்காய் எல்லாம் சேர்ந்தன. டச்சில் இதற்கு ஸ்பெக்குக் என்று பெயர். கோடுகள் பன்றிக் கொழுப்பின் அடுக்குகளைப் போல இருப்பதால் அப்படி. மலாய் மொழியில் லாப்பிஸ் என்றாலே அடுக்கு.

எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு நான் எடுத்தது 20 முட்டையின் மஞ்சள் கரு, 400 கிராம் வெண்ணெய், வெறும் 120 கிராம் மைதா. அளவைப் பார்த்தாலே தெரியும், இது மாவு கேக் இல்லை, வெண்ணெயும் மஞ்சள் கருவும்தான் கேக். அடித்த கலவையை அடுக்குக்கு 65 கிராம் வீதம் தராசில் வைத்துத் தட்டில் பரப்ப வேண்டும். கண் அளவில் ஊற்றினால் கோடு கோணும். முதல் அடுக்குக்கு மட்டும் மேலும் கீழும் சூடு, அதற்குப் பிறகு மேல் கம்பி மட்டும். நாலு நிமிடத்தில் மேற்பரப்பு பொன்னிறமாகும். வெளியே எடுத்து, தட்டையான ஒன்றால் மெதுவாக அமுக்கிவிட்டு, அடுத்ததை ஊற்ற வேண்டும். "காத்து உள்ள நின்னா அடுத்த அடுக்கைத் தூக்கிடும்" என்று சித்தி சொல்லியிருந்தார். அப்படித்தான் ஆகிறது. அமுக்காமல் விட்ட ஓர் அடுக்கு அப்பளம் போல எழும்பி நின்றது.

பதினொன்றாவது அடுக்கில் போன் வந்தது. ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன், திரும்பி வருவதற்குள் மேற்பரப்பு கருத்துவிட்டது. சுரண்டினால் கீழே உள்ள அடுக்கும் கிழியும், எனவே அப்படியே மேலே ஊற்றித் தொடர்ந்தேன். மறுநாள் வெட்டியபோது பதினெட்டுக் கோடுகளில் ஒன்று மட்டும் கரிக்கோடு. வாயில் வைத்தால் ஜாதிக்காய் வாசனைக்கு நடுவில் ஒரு கசப்பு. ஏழு மாதமாக ஆசைப்பட்டுக் காத்திருந்த கேக், ரொம்ப வருத்தமாக இருந்தது.

போன் மட்டும் காரணம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அடுக்கு ஏற ஏற கேக்கின் மேற்பரப்பு மேல் கம்பிக்கு நெருங்கிக்கொண்டே போகிறது. முதல் அடுக்குகளுக்கு நாலு நிமிடம் என்றால் பத்துக்கு மேல் இரண்டரை நிமிடமே அதிகம். பாதி வழியில் தட்டை ஒரு படி கீழே இறக்க வேண்டும். இதை எந்தச் செய்முறையிலும் நான் படிக்கவில்லை, பெரிய ஓவன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இருக்காது போல. சின்ன ஓடிஜி வைத்திருக்கும் நமக்கு இதுதான் முக்கியம். அப்புறம், ஒன்றரை மணி நேரம் கலவை வெளியே காத்திருக்கும். நம் ஊர் சூட்டில் வெண்ணெய் இளகி நீர்த்துப் போகும். கலவைப் பாத்திரத்தை ஏசி அறையில் வைத்து, ஒவ்வொரு முறையும் போய் எடுத்து வந்தேன்.

பெபிங்காவும் இதே குடும்பம்தான், ஆனால் குணம் வேறு. கோவாவில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் செய்வார்கள். பழைய கோவாவின் சாண்டா மோனிகா கன்னியர் மடத்தில் பிபியானா என்ற கன்னியாஸ்திரி செய்தது என்று ஒரு கதை உண்டு. துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக் கருவை எடுத்துக்கொண்டு, மீந்த மஞ்சள் கருவில் இனிப்பு செய்தார்களாம். வழக்கமாக ஏழு அடுக்கு. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தேங்காய்ப்பால், நெய், சர்க்கரை, மஞ்சள் கரு, கொஞ்சம் மைதா, ஜாதிக்காய், அவ்வளவுதான். அடிப்பதும் இல்லை, நுரை கட்டுவதும் இல்லை. கரைத்து வடிகட்டினால் முடிந்தது. மாவு தோசை மாவைவிட நீர்க்க இருப்பதால் ஊற்றியதும் தானே சமமாகிவிடும், பரப்பவே வேண்டாம். ஒவ்வொரு அடுக்கு வெந்ததும் மேலே ஒரு கரண்டி நெய், அதன் மேல் அடுத்த மாவு. ஆனால் ஓர் அடுக்கு வேக 15 முதல் 20 நிமிடம். ஏழு அடுக்குக்கு இரண்டரை மணி நேரம் ஓடிவிட்டது. அந்த இடைவெளியில் பாத்திரம் கழுவலாம், துணி மடிக்கலாம். லாப்பிஸில் நகரவே முடியாது.

மணல் போட்ட குக்கரில் கேக் சுடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெபிங்காவும் லாப்பிஸும் அதில் வராது. இரண்டுக்கும் சூடு மேலிருந்து வர வேண்டும். கோவாவில் அந்தக் காலத்தில் மண்சட்டியின் மூடி மேல் தேங்காய் மட்டைத் தணலைப் போட்டுச் சுட்டதும் இதற்காகத்தான். குக்கரில் அடிப்பகுதி தீய்ந்துகொண்டே போகும், மேல்பகுதி வெளுத்தே இருக்கும்.

பெபிங்காவில் நான் செய்த தவறு அவசரம். இளஞ்சூட்டில் தட்டைக் கவிழ்த்தேன், அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிச் சாய்ந்துவிட்டன. முழுதும் ஆறி நெய் உறைய வேண்டும், அதற்கு ஓர் இரவு ஆகும். இரண்டாம் முறை பொறுத்திருந்து செய்தபோது கத்தி வைத்தால் பட்டுப்போல் இறங்கியது. ருசியைச் சொன்னால், நான்கில் நம் நாக்குக்கு நெருக்கமானது இதுதான். தேங்காய்ப்பாலும் நெய்யும் சேர்ந்து வேகும் வாசனையை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அம்மா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு "இது கேக்கே இல்ல, பலகாரம்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

டோபோஷ் சென்னையில் சரிப்படாததில் எனக்கு மனத்தாங்கல் உண்டு, ஏனென்றால் நான்கில் இதை உருவாக்கியவர் மேல்தான் எனக்கு மதிப்பு அதிகம். யோஜெஃப் டோபோஷ் என்ற புடாபெஸ்ட் மிட்டாய்க் கலைஞர் 1885இல் அங்கு நடந்த தேசியக் கண்காட்சியில் இதை வைத்தார். வெகு நாள் கெடாத கேக் ஒன்றைச் செய்வதுதான் அவர் நோக்கம். மெல்லிய கேக் தகடுகள், நடுவில் சாக்லேட் வெண்ணெய் கிரீம், மேலே கண்ணாடி போன்ற கேரமல். பெட்டியில் போட்டு வெளியூர்களுக்கும் அனுப்பினார். பலரும் போலி செய்து பார்த்தார்கள், கடைசியில் 1906இல் அவரே செய்முறையைத் தொழில் சங்கத்திடம் கொடுத்துவிட்டார்.

தகடுகள் சிரமமே இல்லை. பட்டர் பேப்பரில் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, கலவையைத் தடவி, ஆறேழு நிமிடம் சுட்டால் போதும். வதைப்பது மேலே வரும் கேரமல்தான். நம் வீடுகளில் பாகு காய்ச்சத் தெரியாதவர்கள் குறைவு. கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் கைப்பழக்கம். ஆனால் கேரமலுக்கு அந்தப் பதங்களையெல்லாம் தாண்டி, தண்ணீர் முழுதும் வற்றிச் சர்க்கரையே நிறம் மாற வேண்டும். தேன் நிறம் வந்ததும் இறக்க வேண்டும், பத்து விநாடி தாமதித்தால் கசக்கும். தகட்டின் மேல் ஊற்றியதும் ஒரு நிமிடத்துக்குள் வெண்ணெய் தடவிய கத்தியால் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டிவிட வேண்டும். விட்டால் கல்லாகிவிடும், அதற்கு மேல் வெட்டினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். எனக்கு எட்டு துண்டு ஒழுங்காக வந்தது.

வந்த எட்டும் மாலைக்குள் பிசுபிசுத்துப் போயின. டிசம்பர், வெளியே வடகிழக்குப் பருவமழை. கேரமல் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பிரிட்ஜில் வைத்தால் கேரமல் இன்னும் இளகும், வெளியே வைத்தால் வெண்ணெய் கிரீம் இளகும். ஹங்கேரியில் கேக்கைக் காப்பாற்றிய அந்தக் கேரமலும் கிரீமும் சென்னையில் ஒன்றுக்கொன்று பகையாகிவிடுகின்றன. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். கடற்கரை ஊர்க்காரர்கள் செய்தே ஆக வேண்டும் என்றால், கேரமல் துண்டுகளைப் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு செய்து வையுங்கள்.

இனி மெதோவிக், ரஷ்யர்களின் தேன் கேக். என் ஓட்டு இதற்குத்தான், காரணம் கைப்பழக்கம். தேன், வெண்ணெய், சர்க்கரையைச் சூடாக்கி ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டால் குபுகுபுவென்று நுரைத்துப் பொங்கும். கிளறிக்கொண்டே இருந்தால் நிறம் நாட்டுச் சர்க்கரை போல ஆழ்ந்து வரும். கொஞ்சம் ஆறியதும் இரண்டு முட்டையும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து, எட்டு உருண்டை பிடித்து, சப்பாத்தி போலத் தேய்க்க வேண்டும். மாவு வெதுவெதுப்பாக இருக்கும்போதே தேய்த்துவிடுங்கள், ஆறினால் விரியும் இடமெல்லாம் வெடிக்கும். தட்டை வைத்து வட்டமாக வெட்டி, 180 டிகிரியில் ஐந்து நிமிடம் சுட்டால் போதும். வெட்டிய ஓரங்களையும் சுட்டுப் பொடித்தால் மேலே தூவும் தூள் ஆயிற்று. ஓடிஜி இல்லாத வீட்டில் தோசைக்கல்லில் சிறுதீயில் இரண்டு பக்கமும் சுடலாம், ஒரு தகட்டை அப்படிச் சுட்டுப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை.

சுட்ட தகடுகள் பிஸ்கட் மாதிரி விறைப்பாக வரும். முதல் தடவை செய்பவர் கேக் கெட்டுவிட்டது என்றே நினைப்பார், நானும் நினைத்தேன். அப்படித்தான் வர வேண்டும். கிரீமின் ஈரத்தை இரவு முழுக்கக் குடித்துத்தான் அது கேக்காகிறது. ரஷ்யாவில் ஸ்மெதானா என்ற புளித்த கிரீமைத் தடவுவார்கள். நான் புளிக்காத கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஆறு மணி நேரம் தொங்கவிட்டு, அடித்த விப்பிங் கிரீமோடும் சர்க்கரையோடும் கலந்தேன். டெட்ரா பேக்கில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் கெட்டியாகாது, அதை வாங்கிவிடாதீர்கள்.

என் மெதோவிக்கில் ஒரு தகடு மூன்றாக உடைந்தது. சேர்த்து வைத்து நாலாவது அடுக்காகப் போட்டேன். மறுநாள் வெட்டியபோது எது உடைந்தது என்று எனக்கே தெரியவில்லை.

முட்டை சாப்பிடாத வீடு என்றால் இந்த நான்கில் மெதோவிக் மட்டும்தான் சாத்தியம். முட்டைக்குப் பதில் பால் விட்டுப் பிசைந்தால் கொஞ்சம் மொறுமொறுப்பு கூடும், கிரீம் அதைச் சரிசெய்துவிடும். மற்ற மூன்றும் முட்டை இல்லாமல் நிற்காது.

மீந்த வெள்ளைக் கரு ஒரு பெரிய கேள்வி. லாப்பிஸில் 20, பெபிங்காவில் 10. வீணாக்க மனம் வராது. இதற்கு விடை தூத்துக்குடியில் இருக்கிறது. வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி மட்டும் போட்டுச் செய்யும் மக்ரூன். கோவாவைப் போலவே தூத்துக்குடிக் கரையிலும் போர்ச்சுக்கீசியர் இருந்தார்கள். ஓர் ஊர் இனிப்பில் மீந்த கரு இன்னோர் ஊர் இனிப்புக்குப் போவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மழையில்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், இல்லையென்றால் மக்ரூனும் பிசுபிசுக்கும்.

முதல் தடவை என்றால் மெதோவிக், வீட்டுப் பெரியவர்களுக்கு என்றால் பெபிங்கா. முழு நாளையும் கொடுத்து, போனை அணைத்து வைக்க முடிந்தவர்களுக்கு லாப்பிஸ். லாப்பிஸ் வெளியில் வைத்தாலும் சில நாள் தாங்கும். பெபிங்காவைப் பிரிட்ஜில் ஒரு வாரம் வைத்தேன், மெதோவிக் நாலாவது நாளுக்குள் தீர்ந்துவிட்டது.

இந்த வருடம் டிசம்பர் 22 இரவு மெதோவிக் தகடுகளைச் சுட்டு வைக்கப்போகிறேன், 23 காலையில் கிரீம் தடவினால் 24க்குத் தயார். லாப்பிஸை ஜனவரியில் சித்தி வரும்போது அவரோடு சேர்ந்து செய்வதாகத் திட்டம். ஒருவர் ஊற்ற, ஒருவர் ஓடிஜியின் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பதினொன்றாவது அடுக்குக்கு நான் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.