தூக்கிய டிஃபெண்டருக்கு ஷொக் மாட்டி மூன்று வருடம்

மஸ்கெலியா டவுனிலிருந்து எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்குக்குப் போகும் பாதையில் முதல் கொஞ்ச தூரம்தான் தார். அதற்குமேல் முழுக்கப் பாவிய கல். அந்தக் கல்லிலும் பாதி பெயர்ந்து, தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடக்கிறது. மே மாதம் மழை பிடித்தால் குழி எது, கல் எது என்று தண்ணீருக்கு மேலே தெரியாது. இந்தப் பாதையில்தான் என் ஜீப் தினமும் ஏறி இறங்குகிறது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடையில் மரக்கறி மூட்டை, இரவில் யாருக்காவது முடியாமல் போனால் டிக்கோயா ஆஸ்பத்திரி. டிசம்பர் பௌர்ணமிப் போயாவில் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் வெசாக் வரை மலையடிவார நல்லதண்ணிக்கு ஹயர்.

வண்டி 1996 மொடல் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, 300 டிடிஐ எஞ்சின். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு வேறு வண்டிக்கு மாறும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். இருப்பதை நல்லபடியாக வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்து, 2021இல் இரண்டு அங்குல உயர ஸ்பிரிங் போட்டேன். கானைக் கடக்கும் இடங்களில் பின் சேசிஸ் இடித்துக்கொண்டே இருந்தது, அதுதான் காரணம். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிஃபெண்டர் போல, இரண்டு பக்கச் சில்லையும் ஒரே துண்டாக இணைக்கும் முழு எக்ஸல் உள்ள வண்டியில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேசிஸும் பொடியும்தான் உயரும். எக்ஸலோடு சேர்ந்த டிஃப் (டிஃபரென்ஷியல் கியர்) கூடு இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயர்தான் பெரிதாக வேண்டும். நடுக்கல் டிஃபில் இடிக்கிறது என்பதற்காக ஸ்பிரிங் வாங்கினால் காசு வீண்.

ஸ்பிரிங்கோடு, அதன் ஆட்டத்தை அடக்கும் ஷொக்கும் (ஷொக் அப்சோர்பர்) ஒரு கடையில் வாங்கினேன். "ரெண்டு இஞ்சிதானே, இது ஹெவி டியூட்டி, தாங்கும்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். மாட்டியதும் அங்கேதான். முதல் வாரத்திலேயே ஒரு சத்தம் வந்தது. முன் சில்லு கானுக்குள் இறங்கும்போதெல்லாம் பொனட்டுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு அடி. மேட்டில் ஏறும்போது இல்லை, இறங்கும்போது மட்டும். பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டேன். ஏழாவது மாதம் வலது முன் ஸ்பிரிங் முழுக்க எண்ணெய் வடிந்திருந்தது.

ஹட்டனில் ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். நாற்பது வருடமாக லேண்ட் ரோவர் பார்ப்பவர். ஷொக்கைக் கழற்றிக் கையில் கொடுத்து, "தம்பி, இந்தத் தண்டைத் தடவிப் பாருங்க" என்றார். பளபளப்பான குரோம் தண்டில், மேல் முனைக்குக் கொஞ்சம் கீழே, வரிசையாக நான்கைந்து பற்குறிகள். நட்டு இறுக்கும்போது தண்டு சுற்றாமல் இருக்க யாரோ பிளையரால் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கீறல் ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் எண்ணெய் சீலை அறுத்திருக்கிறது. நகத்தால் தொட்டாலே தெரிகிற கீறல். தண்டின் நுனியிலேயே சாவி போடத் தட்டையான இடம் இருக்கிறது, அதைப் பிடித்துத்தான் இறுக்க வேண்டும்.

ஆனால் பாஸ் அதைவிடப் பெரிய தவறு ஒன்றைக் காட்டினார். ஷொக் பழைய நீளம். ஸ்பிரிங் இரண்டு அங்குலம் உயர்ந்ததால், வண்டி சும்மா நிற்கும்போதே தண்டு இரண்டு அங்குலம் கூடுதலாக வெளியே வந்து நிற்கிறது. சில்லு கீழே இறங்க மிச்சம் இருந்தது கொஞ்ச தூரம்தான். அதைத் தாண்டியதும் எக்ஸலின் முழு எடையும் ஷொக்கில் தொங்கும். நான் கேட்ட 'டொக்' அதுதான். ஷொக்கின் வேலை அசைவை அடக்குவது. என் வண்டியில் அது சங்கிலி வேலை செய்துகொண்டிருந்தது. மேல் முனையின் ரப்பர் புஷ் நசுங்கிப்போனதும் அதனால்தான்.

அன்றிலிருந்து எனக்குள் உறுதியாகிவிட்ட விஷயம் இதுதான்: ஷொக் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நீளம். கடினம், மேக், விலை எல்லாம் அப்புறம். அந்த நீளத்தை உங்கள் வண்டியில் நீங்களே அளக்க வேண்டும். ஸ்பிரிங் பெட்டியில் இரண்டு அங்குலம் என்று போட்டிருப்பதால் வண்டி சரியாக இரண்டு அங்குலம்தான் உயர்ந்திருக்கும் என்றில்லை. ஸ்பிரிங் எவ்வளவு கடினம், வண்டியில் எவ்வளவு பாரம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

நாங்கள் அளந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுத, நான் டேப்பைப் பிடித்தேன். முதலில் வண்டி சமதரையில், வழக்கமான பாரத்தோடு நிற்கும்போது ஷொக்கின் மேல் பிடிக்கும் கீழ்ப் பிடிக்கும் இடையிலான தூரம். அடுத்து சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றி, எக்ஸலை ஜாக்கியால், அது மேலே வருவதைத் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டொப்பில் முட்டும்வரை உயர்த்தி அதே தூரம். பிறகு எக்ஸலை மெதுவாகக் கீழே இறக்கி, பிரேக் ஹோஸோ, எக்ஸலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கார்டன் சாஃப்டோ இழுபடத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி மூன்றாவது அளவு. கடைசியில் ஒரு பக்கம் உயர்த்தி மறுபக்கம் தாழ்த்தி ஒரு முறை. கானைக் குறுக்காகக் கடக்கும்போது வண்டி அந்த நிலையில்தான் நிற்கும். இது ஒரு பகல் வேலை. அவசரப்பட வேண்டாம்.

ஷொக்கின் மூடிய நீளம் இரண்டாவது அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அதுவும் ஒரு விரல் அகலமாவது மிச்சம் வைத்து. இல்லாவிட்டால் பம்ப் ஸ்டொப் வாங்க வேண்டிய அடியை ஷொக் வாங்கும். திறந்த நீளம் மூன்றாவது அளவுக்கு ஒத்து வர வேண்டும். சும்மா நிற்கும்போது தண்டு ஏறக்குறைய பாதி வெளியே இருந்தால் மேலும் கீழும் போக இடம் கிடைக்கும்.

இங்கே பலர் தவறுவது இன்னொன்று. நீளமான ஷொக் வாங்கினால் திறந்த நீளம் மட்டும் கூடுவதில்லை. தண்டும் உடம்பும் நீளமாவதால் மூடிய நீளமும் கூடும். அதனால் எனக்கு பம்ப் ஸ்டொப்பைக் கீழிறக்க இடைத்துண்டு போட வேண்டியிருந்தது. எக்ஸல் அதிகமாகக் கீழே இறங்குவதால் ஸ்பிரிங் தன் இருப்பிடத்தை விட்டு விலகவும் இடமுண்டு. அதற்காகப் பின்பக்கம், விலகிய ஸ்பிரிங் திரும்பவும் சரியாக வந்து உட்கார வழிகாட்டும் கூம்பு இரண்டு போட்டோம். பிரேக் ஹோஸும் நீளமானது. அதைச் செய்யாமல் நீள ஷொக் மட்டும் போட்டால் பழைய ஷொக் சங்கிலியாக நின்ற இடத்தில் பிரேக் ஹோஸ் நிற்கும். அந்த ஆபத்தோடு மலைப்பாதையில் பிள்ளைகளை ஏற்ற எனக்கு மனம் வராது.

என்ன வகை என்பதில் இரண்டு மாதம் யோசித்தேன். பில்ஸ்டைன் போன்ற ஒற்றைக் குழாய் ஷொக்கில் சூடு சீக்கிரம் வெளியேறும், வேலை துல்லியம். ஆனால் அதன் பிஸ்டன் வெளிக்குழாயின் உட்சுவரிலேயே ஓடுகிறது. ஒரு கல் அடித்து நெளிந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் கொஞ்சம் நெளிந்தாலும் உள்ளே வேலை நடக்கும். டிஃபெண்டரில் முன் ஷொக் ஸ்பிரிங்குக்குள் ஒளிந்திருக்கிறது. பின் ஷொக் வெளியே தொங்குகிறது, டயர் தெறிக்கும் கல் நேராக அதில்தான் படும். எங்கள் பாதைக்கு இரட்டைக் குழாய் என்று முடிவானது அப்படித்தான். அதிலும் ஃபோம் செல் வகை எடுத்தேன். சாதாரண இரட்டைக் குழாய் ஷொக்கில் எண்ணெயோடு காற்றும் இருப்பதால், வேகமாக அடிபட்டால் நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்கு அடக்கும் பலம் கிடையாது. ஃபோம் செல்லில் அந்தக் காற்றின் இடத்தில் மூடிய கண்களுள்ள ஃபோம் இருக்கிறது, எண்ணெய் நுரைக்க வழியில்லை. ஓல்ட் மேன் ஈமுவின் நைட்ரோசார்ஜர் போன்றவை இதே காரியத்தை நைட்ரஜன் நிரப்பிச் செய்கின்றன. நான் எடுத்தது கடினத்தில் நடுத்தரம். கடினமான ஷொக் போட்டால் வண்டி பலமாகும் என்ற பேச்சு எங்கள் பக்கம் நிறைய உண்டு. வெறும் வண்டியில் அப்படிப்பட்ட ஷொக்கோடு கல் பாதையில் போனால் சில்லு தரையில் நிற்காமல் துள்ளும். சில்லு துள்ளினால் பிரேக்கும் பிடிக்காது, ஏற்றத்தில் இழுவையும் இருக்காது.

2022 பெப்ரவரியில் வாங்கினேன். அடுத்த மாதமே ரூபா விழுந்தது, அந்த விலையில் அதன் பிறகு கிடைக்கவே இல்லை.

மாட்டும் வேலையில் முன்பக்கம்தான் பாடு. முன் ஷொக்கின் மேல் முனை, டரட் என்ற கோபுரம் போன்ற தாங்கியில் இருக்கிறது. டரட்டைப் பிடித்திருக்கும் வளையத்தில் நான்கு ஸ்டட் (தலையில்லாத போல்ட்). எங்கள் ஈரத்துக்கு அவை துருப்பிடித்து, சாவி போட்டதுமே இரண்டு முறிந்தன. பாஸ் முன்கூட்டியே புது வளையம் வாங்கி வரச் சொல்லியிருந்ததால் வேலை நிற்கவில்லை. நீங்களும் ஷொக்கோடு அதையும் வாங்குங்கள், பெரிய விலை இல்லை. புது ஷொக்கை மாட்டுமுன் நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை முழுக்க அழுத்தி இழுத்துப் பார்த்தோம். படுக்கையில் கிடந்த இரட்டைக் குழாய் ஷொக்கில் காற்று இடம் மாறியிருக்கும், இப்படிச் செய்தால் எண்ணெய் சரியான இடத்துக்கு வரும். முனையில் முளைபோல நீட்டி நிற்கும் பிடியின் ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை இறுக்கினால் போதும், நசுக்க வேண்டாம். பின் ஷொக்கின் மேல் முனையிலுள்ள வளையமான கண்ணை மட்டும் வண்டி தன் சில்லில் நின்ற பிறகு கடைசி இறுக்கு இறுக்கினோம். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

இப்போது மூன்று வருடமும் 41,000 கிலோமீட்டரும் ஓடியாயிற்று. 2022இல் டீசல் இல்லாமல் நின்ற மாதங்களும் இந்த மூன்று வருடத்துக்குள் அடக்கம். அந்த 'டொக்' முதல் நாளோடு போனது. அதே கானில் சில்லு இறங்கும், ஒரு மூச்சு விடுவதுபோல ஷொக் நீளும், மறுபக்கம் ஏறிவிடும். போன வருடம் கர்ப்பிணிப் பெண் ஒருவரை இரவில் டிக்கோயாவுக்கு இறக்கினேன். கூட வந்த அவரது அம்மா, "மெதுவா போங்க தம்பி" என்று வழியில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஒவ்வொரு மாதமும் ஒரு சின்னச் சோதனை செய்கிறேன். கல் பாதையில் ஒரு மணி நேரம் ஓடி நிறுத்தியதும் நான்கு ஷொக்கையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். அசைவைத்தான் ஷொக் சூடாக மாற்றுகிறது, ஆகவே வேலை செய்கிற ஷொக் சுடும். மூன்று சுட்டு ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது செத்துவிட்டது. தார் ரோட்டில் ஓடிவிட்டுத் தொட்டால் ஒன்றும் தெரியாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வண்டி உயர்ந்ததால், ஸ்டியரிங்கை நேராக்க உதவும் முன் சில்லின் காஸ்டர் கோணம் குறைந்தது, கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவது மந்தம். கினிகத்தேனைப் பக்கத்து வளைவுகளில் இதைக் கை நன்றாக உணரும். முன் எக்ஸலைப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்முக்குக் காஸ்டர் திருத்திய புஷ் போட்டதும் முக்கால்வாசி சரியானது. முன் கார்டன் சாஃப்டில் ஒரு முனகல் வந்தது, இணைப்புகளை மாற்றினேன், குறைந்தது. வளைவில் வண்டி சாய்வதை எந்த ஷொக்கும் முழுதாக நிறுத்தாது. உயரம் கூடினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், நான் குறைத்துவிட்டேன். சீசனில் எட்டுப் பேரோடு இறங்கும்போது இன்னும் குறைப்பேன்.

போன மாதம் பின் மேல் கண்ணின் புஷ் இரண்டும் தளர்ந்திருந்தன. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையிலிருந்து எடுப்பித்து மாற்றினேன். சீல் நான்கும் இன்னும் உலர்ந்தே இருக்கின்றன. பின் இடது ஷொக்கில் பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு நெளிவு இருக்கிறது, கல் அடித்தது, தண்டு தடையில்லாமல் ஓடுகிறது. திரும்ப வாங்குவதானால் பின்பக்கத்துக்கு இதையே வாங்குவேன். முன்பக்கத்துக்கு ஒரு படி மென்மையானது, ஏனென்றால் என் வண்டியில் முன்னே பாரம் கூட்டும் வின்ச் (இழுவைக் கருவி) இல்லை. வின்ச் வைத்தவர்களுக்கு முன்னே இதே கடினம் சரியாக இருக்கும். அளவெழுதிய கொப்பி இன்னும் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது, அடுத்த செட் வாங்கும்போது அதைத்தான் கையில் எடுத்துப் போவேன்.